பெயர்களின் தடம் – 6: யோஹனான்

கி.மு. 586இல் எருசலேம் விழுந்தது. பாபிலோன் படை ஆலயத்தைக் கொளுத்தியது, மதில்களை இடித்தது, அரசன் சிதேக்கியாவின் கண்களைக் குருடாக்கி விலங்கிட்டு இழுத்துச் சென்றது. நிலபுலன் இல்லாத ஏழைகளை மட்டும் நாட்டில் விட்டுவைத்து, அவர்களை ஆள மிஸ்பா என்ற ஊரில் கெதலியா என்பவரை அமர்த்தியது. காடுமேடுகளில் பதுங்கியிருந்த யூதப் படைத்தலைவர்கள் ஒவ்வொருவராக அவரிடம் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் காரேயாவின் மகன் யோஹனான்.

ஒருநாள் யோஹனான் கெதலியாவைத் தனியே சந்தித்து எச்சரித்தார். அம்மோன் அரசன் ஏவிவிட்ட இஸ்மவேல் என்பவன் கெதலியாவைக் கொல்லக் காத்திருக்கிறான், அனுமதி கிடைத்தால் யாருக்கும் தெரியாமல் அவனைத் தானே முடித்துவிடுவதாகச் சொன்னார். கெதலியா நம்பவில்லை. இஸ்மவேல்மீது வீண்பழி சுமத்துவதாகக் கடிந்துகொண்டார். பிறகு விருந்தாளியாக வந்த இஸ்மவேல் பந்தியிலேயே அவரை வெட்டிச் சாய்த்தான். யோஹனான் ஆட்களைத் திரட்டிக்கொண்டு துரத்தினார். கிபியோன் நீர்நிலையருகே மறித்து, அவன் பிடித்துச் சென்ற மக்களை மீட்டார். இஸ்மவேல் எட்டுப் பேரோடு தப்பினான். பாபிலோனியர் பழிவாங்க வருவார்கள் என்ற அச்சத்தில், தீர்க்கதரிசி எரேமியா தடுத்தும் கேளாமல், எஞ்சிய மக்களையும் எரேமியாவையும் சேர்த்தே அழைத்துக்கொண்டு யோஹனான் எகிப்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

நாடு இடிந்துகொண்டிருந்த அந்த நாளில் வாழ்ந்த மனிதருக்குப் பெற்றோர் இட்ட பெயரின் பொருள்: ‘யாவே அருள் புரிந்தார்’.

எபிரேயப் பெயர்களில் பெரும்பகுதி இப்படி முழு வாக்கியங்கள். யோஹனான் என்பதில் ‘யோ’ இறைவன் பெயரான யாவேயின் குறுக்கம். ‘ஹனான்’ என்பது அருள்செய்தான், இரங்கினான் என்ற வினைமுற்று. முழுவடிவம் யெஹோஹனான். இறைவன் பெயர் முன்னால் வந்தால் ‘யெஹோ’ அல்லது ‘யோ’. பின்னால் வந்தால் ‘யாஹு’ அல்லது ‘யா’. எரேமியா, ஏசாயா, கெதலியா, சிதேக்கியா என்ற பெயர்களின் கடைசி ‘யா’வும் அதுவே. சொற்களை முன்பின்னாக மாற்றினாலும் பொருள் கெடாது: ஹனான் முன்னே, யா பின்னே வந்தால் ஹனனியா. எரேமியாவோடு எதிர்வாதம் செய்து, அவர் கழுத்திலிருந்த மர நுகத்தடியைப் பிடுங்கி உடைத்த தீர்க்கதரிசி அனனியாவின் பெயர் இது. தமிழ் விவிலியம் முதலெழுத்தின் ஹகரத்தை விட்டுவிட்டது.

வினை கடந்த காலத்தில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ‘அருள்வாராக’ என்ற வேண்டுதல் இல்லை. ‘அருளிவிட்டார்’ என்ற நன்றி. பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து எழும் குரல் அது. பிள்ளையில்லாமல் அழுது பிறகு சாமுவேலைப் பெற்ற அன்னாளின் பெயரும் இதே வேரில் பிறந்ததுதான். எபிரேயத்தில் ஹன்னா. கிரேக்கத்தில் அன்னா ஆகி, மரியாளின் தாயார் பெயராகக் கிறிஸ்தவ மரபில் நிலைத்து, தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் அன்னம்மாள் ஆயிற்று. தமிழில் அன்னம் என்றால் சோறும் பறவையும் ஆகிவிட்டதால், அந்தப் பெயருக்குள் ஒரு எபிரேயச் சொல் இருப்பது யாருக்கும் உறுத்துவதில்லை.

இந்த வேர் யூதர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. எபிரேயமும் பினீசிய மொழியும் உடன்பிறப்புகள். பினீசியர் வட ஆப்பிரிக்காவில் நிறுவிய கார்த்தேஜ் நகரத்தில், யாவே இருந்த இடத்தில் பாஆல் என்ற தெய்வத்தின் பெயரை வைத்தார்கள். ஹன்னி, பாஆல்: பாஆலின் அருள். யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ரோமாபுரியை நடுங்கவைத்த ஹன்னிபால், பெயரளவில் யோஹனானின் பங்காளி.

பெயர்க் கையேடுகள் பல இங்கே ஒரு தவறு செய்கின்றன. யோஹனானிலிருந்து வந்த ஜான் என்ற பெயருக்குக் ‘கடவுளின் கொடை’ என்று பொருள் போட்டுவிடுகின்றன. அது யோனத்தான் என்ற வேறு பெயருக்குரிய பொருள். ‘நத்தான்’ என்றால் கொடுத்தான். ஆங்கிலத்தில் ஜொனத்தனைச் சுருக்கினால் ஜானைப்போலவே ஒலிப்பதால் வந்த குழப்பமாக இருக்கலாம். வேர்கள் வேறு, கதைகளும் வேறு.

எகிப்துக்குப் போன யூதர்களைப் பற்றி இன்னொரு சாட்சியம் நைல் நதியின் நடுவே கிடைத்தது. அஸ்வானுக்கு எதிரேயுள்ள எலிபன்டைன் தீவில், பாரசீகப் பேரரசுக்குக் காவல் பார்த்த யூதப் படைக் குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கே யாவேக்கு அவர்கள் சொந்தமாக ஒரு கோயில் கட்டியிருந்தார்கள். கி.மு. 410இல் க்னூம் என்ற எகிப்தியத் தெய்வத்தின் பூசாரிகள், உள்ளூர் அதிகாரியின் துணையோடு அதை இடித்துத் தீக்கிரையாக்கினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, கி.மு. 407இல், அந்த மக்கள் யூதேயாவின் பாரசீக ஆளுநருக்கு எழுதிய மனு பாப்பிரஸ் தாளில் அப்படியே கிடைத்திருக்கிறது. கோயில் இடிந்த நாள்முதல் சாக்குத் துணி உடுத்தி நோன்பிருப்பதைச் சொல்லும் அந்த மனுவில் ஒரு மனத்தாங்கலும் பதிந்திருக்கிறது: முன்பே எருசலேமின் தலைமைக் குரு யெஹோஹனானுக்கும் எழுதினோம், பதிலே வரவில்லை என்று. எருசலேம் குருக்கள் தம் ஆலயத்தைத் தவிர வேறெங்கும் பலி கூடாது என்ற கொள்கையினர். பதில் வராததற்கு அது காரணமாக இருக்கலாம்.

பெயர் பெரும் புகழடைந்தது மக்கபேயர் காலத்தில். கிரேக்க ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த மத்தத்தியாவுக்கு ஐந்து ஆண்மக்கள்; மூத்தவர் யோஹனான். மக்கபேயர் எனப்பட்ட அந்தக் குடும்பமே பிறகு அரசகுலமாயிற்று. அதில் வந்த யோஹனான் ஹிர்கானு கி.மு. 134 முதல் 104 வரை ஆண்டார். கெரிசீம் மலையிலிருந்த சமாரியர் கோயிலை இடித்தவர் இவர். இதுமேயரை வென்று, விருத்தசேதனம் செய்துகொள்ளாவிட்டால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று கட்டாயப்படுத்தியவரும் இவர்தான். பெயரின் அருளுக்கும் ஆட்சியின் கெடுபிடிக்கும் தொடர்பில்லை.

அவர் வெளியிட்ட செப்புக்காசுகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. விரல்நுனியளவு, ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் அகலம். ஒரு பக்கம் இரட்டைக் கொம்புகள், நடுவே ஒரு மாதுளை. மறுபக்கம் இலைமாலைக்குள் நெருக்கியடித்த எழுத்துகள்: ‘தலைமைக் குரு யெஹோஹனானும் யூதர் அவையும்’. அன்றாட வழக்கிலிருந்து ஒதுங்கிவிட்ட பழைய எபிரேய எழுத்தில், தாவீது காலத்தை நினைவூட்டும்படி பொறித்திருக்கிறார்கள். இடம் போதாமல் சொற்கள் வரிமாறி முறிந்து கிடக்கின்றன. சந்தையில் கைமாறிய அந்தச் சில்லறை வழியாக ஆள்பவரின் பெயர் எல்லா வீட்டுக்கும் போயிற்று.

விளைவு கணக்கிலேயே தெரிகிறது. கி.மு. 330 முதல் கி.பி. 200 வரை பாலஸ்தீனத்தில் வாழ்ந்த யூதர்களின் பெயர்களை இஸ்ரேலிய ஆய்வாளர் டல் இலான் கல்லறை, தாள், நூல் எல்லாவற்றிலும் தேடித் திரட்டி 2002இல் வெளியிட்டார். அதைக்கொண்டு விவிலிய ஆய்வாளர் ரிச்சர்ட் பாக்கம் எண்ணிப்பார்த்ததில் சீமோன் 243 பேர், யோசேப்பு 218, எலெயாசர் 166, யூதா 164, யோஹனான் 122. ஐந்தாவது இடம். முன்னணிப் பெயர்களில் பலவும் மக்கபேயர் வீட்டுப் பெயர்கள் என்பது தற்செயல் ஆகாது. ரோமர் ஆட்சியில் பிள்ளைக்கு அந்தப் பெயர்களை இடுவது, விடுதலை நாளை வாய்திறந்து சொல்லாமல் சொல்வது.

லூக்கா நற்செய்தியில் வரும் பெயர்சூட்டு காட்சியை இந்தப் பின்னணியில் படித்தால்தான் சுவை தெரியும். முதிய குரு சக்கரியாவுக்கும் எலிசபெத்துக்கும் பிள்ளை பிறந்து எட்டாம் நாள். உற்றார் உறவினர் கூடித் தகப்பன் பெயரையே வைக்கப் பார்க்கிறார்கள். தாய் மறித்து, யோஹனான் என்கிறார். உங்கள் உறவில் அப்படி யாருக்கும் பெயர் இல்லையே என்று எதிர்ப்பு. தெருவுக்கு இரண்டு யோஹனான் இருந்த நாடு அது. பெயர் புதிது என்பதல்ல அவர்கள் குறை, குடும்ப வழக்கம் மீறப்படுகிறதே என்பதுதான். பேச்சற்றுப்போயிருந்த தகப்பனிடம் சைகையால் கேட்கிறார்கள். அவர் எழுதுபலகை வாங்கி, இவன் பெயர் யோஹனான் என்று எழுதிக்காட்டுகிறார். தள்ளாத வயதில் பிள்ளை பெற்றவர்களுக்கு அதைவிடப் பொருந்தும் பெயர் கிடைத்திருக்காது. அந்தப் பிள்ளைதான் யோர்தான் ஆற்றில் திருமுழுக்குக் கொடுத்த யோவான்.

ஒரே பெயரில் இத்தனை பேர் இருந்ததால் அடையாளம் சேர்க்காமல் கூப்பிட முடியாது. திருமுழுக்கு யோவான், செபதேயுவின் மகன் யோவான், கிஸ்கலா ஊர் யோவான், சக்காயின் மகன் யோஹனான். கடைசி இருவரும் கி.பி. 70இல் எருசலேமை ரோமர் முற்றுகையிட்ட கதையின் இரு முனைகள். கிஸ்கலா யோவான் நகருக்குள்ளிருந்து கடைசிவரை போரிட்ட கிளர்ச்சித் தலைவர். பிடிபட்டு ஆயுள் சிறை பெற்றார். யோஹனான் பென் சக்காய் போரால் பயனில்லை என்று கண்ட அறிஞர். சீடர்கள் அவரை இறந்தவர்போலச் சவப்பெட்டியில் வைத்து வாசலைக் கடத்தினார்கள் என்றும், ரோமத் தளபதி வெஸ்பாசியனிடம் அவர் யாவ்னே என்ற சிற்றூரையும் அதன் அறிஞர்களையும் கேட்டு வாங்கினார் என்றும் தல்மூத் சொல்கிறது. ஆலயம் சாம்பலான பிறகு யூத சமயம் கல்வியையும் வழிபாட்டையும் பற்றிக்கொண்டு பிழைத்தது அந்த யாவ்னேயிலிருந்துதான்.

எந்த நூலும் பேசாத யோஹனான் ஒருவரும் உண்டு. 1968இல் எருசலேமின் வடக்கே கிவ்அத் ஹமிவ்தார் பகுதியில் கட்டுமான வேலையின்போது பழைய கல்லறைகள் வெளிப்பட்டன. தொல்லியலாளர் வசிலியோஸ் சஃபேரிஸ் தோண்டியெடுத்த எலும்புப் பேழை ஒன்றில் ‘யெஹோஹனான்’ என்று கீறியிருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவர். வயது 24க்கும் 28க்கும் இடையில். அவருடைய வலது குதிகால் எலும்பில் பக்கவாட்டாக ஓர் இரும்பு ஆணி பாய்ந்திருந்தது. நீளம் 11.5 சென்டிமீட்டர். ஆணியின் தலைக்கும் எலும்புக்கும் நடுவே மரத்துணுக்கு. நுனி வளைந்திருந்தது; அடிக்கும்போது மரத்தின் கணுவில் மோதியிருக்க வேண்டும். அதனால்தான் பிணத்தை இறக்கியவர்களால் ஆணியைப் பிடுங்க முடியவில்லை, காலோடு சேர்த்தே அடக்கம் செய்திருக்கிறார்கள். ரோமர் ஆயிரக்கணக்கானோரைச் சிலுவையில் அறைந்தார்கள் என்று நூல்கள் சொன்னாலும், இந்த ஒரு குதிகால்தான் நெடுங்காலம் கையில் கிடைத்த நேரடிச் சான்று. இங்கிலாந்தின் ஃபென்ஸ்டன்டனில் 2017இல் கிடைத்தது இன்னொன்று. என்ன குற்றத்துக்காக இந்த இளைஞர் மாண்டார் என்று பேழை சொல்லவில்லை. பெற்றவர்கள் இறைவன் அருளினார் என்று சொல்லி வளர்த்த பிள்ளை என்பது மட்டும் தெரிகிறது.

பெயர் இதன்பிறகு கடல் தாண்டியது. கிரேக்கத்தில் தொண்டையடியிலிருந்து எழும் எபிரேய ‘ஹேத்’ எழுத்துக்கு இடமில்லை. அது உதிர்ந்தது, வேற்றுமை உருபு ஏற்க வசதியாக ஈற்றில் ஒரு ‘ஸ்’ ஏறியது: இயோஆன்னெஸ். லத்தீனில் இடைக்காலத்தில் ஹகரம் எழுத்தளவில் திரும்ப நுழைந்தது: இயோஹன்னெஸ். ஆங்கில ஜான் என்ற பெயரில் யாரும் உச்சரிக்காத ஓர் ‘எச்’ இருக்கிறதே, அது பழைய ஹேத் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. பிறகு ஒவ்வொரு நாடும் தன் நாக்குக்கேற்ப வளைத்தது. இத்தாலியில் ஜொவான்னி, ஸ்பெயினில் ஹுவான், போர்ச்சுகலில் ஜுவாவ், பிரான்சில் ழான், ஜெர்மனியில் யோஹான், அதன் செல்லமாக ஹான்ஸ், ரஷ்யாவில் இவான், ஹங்கேரியில் யானோஷ், அயர்லாந்தில் ஷான், ஆர்மீனியாவில் ஹோவன்னெஸ், எத்தியோப்பியாவில் யோஹன்னெஸ். பெண்களுக்கு ஜேன், ஜோன், ழான், ஜொவான்னா. ஜான்சன், ஜோன்ஸ், இவானோவ், யான்சன் எல்லாம் இவர்களின் பிள்ளைகுட்டிகள்.

ரோமில் இந்தப் பெயருக்கு இன்னொரு முதன்மை உண்டு. 533இல் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் இயற்பெயர் மெர்கூரியுஸ். ரோமரின் பழைய தெய்வத்தின் பெயரோடு திருச்சபைத் தலைவராக அமர்வது பொருத்தமாயில்லை. இரண்டாம் யோவான் என்று மாற்றிக்கொண்டார். பதவியேற்கும்போது பெயர் மாற்றிய முதல் திருத்தந்தை இவர்தான். பின்னாளில் திருத்தந்தையர் மிக அதிகமாக எடுத்துக்கொண்ட பெயரும் யோவான். எண்ணிக்கையில் இடைக்காலத்தவர் குழம்பிப்போய், இருபதாம் யோவான் என்ற ஒருவரே இல்லாமல் வரிசை இருபத்தொன்றுக்குத் தாவிவிட்டது.

ஐரோப்பாவுக்கு ஒலி மட்டும் போய்ச் சேர்ந்தது. இவானுக்கோ ஹுவானுக்கோ தன் பெயர் ஒரு வாக்கியம் என்று தெரிய வழியில்லை. கிழக்கே நிலைமை வேறு. எபிரேயத்துக்கு நெருங்கிய சிரியாக் மொழியில் ஹகரம் உயிரோடு இருந்தது; அந்த வழிபாட்டு மொழியோடு கேரளக் கரைக்கு வந்த பெயர் இன்றும் யோஹன்னான்தான். அங்கே அது உலஹன்னான், லோனப்பன் என்று மலையாள மண்ணின் வடிவங்களும் எடுத்தது.

அரபியில் கிறிஸ்தவர்கள் யூஹன்னா என்றார்கள். திருமுழுக்கு யோவானுக்குக் குர்ஆன் சொல்லும் பெயர் யஹ்யா. அதன் அரபு ஓசையில் ‘வாழ்கிறார்’ என்ற பொருள் கேட்கிறது. இதற்குமுன் அந்தப் பெயரை யாருக்கும் ஆக்கியதில்லை என்று மர்யம் அத்தியாயம் சக்கரியா நபிக்கு நற்செய்தி கூறுகிறது. அதே அத்தியாயம் சில வசனங்கள் தள்ளி, யஹ்யா நபிக்கு இறைவன் அளித்தவற்றைச் சொல்லும்போது ‘ஹனான்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது; இரக்கம், கனிவு என்று பொருள். எபிரேயப் பெயரில் இருந்த அதே வேர், பெயர் உருமாறிய பின்னும் அவரைப் பற்றிய வசனத்தில் வந்து நிற்கிறது. டமாஸ்கஸின் உமய்யா பள்ளிவாசலுக்குள் அவருடைய நினைவிடம் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிவாசல் எழும்புமுன் அங்கிருந்தது திருமுழுக்கு யோவான் ஆலயம்.

தமிழுக்கு இந்தப் பெயர் பல வாசல்களில் வந்தது. சீர்திருத்தத் திருச்சபையினரின் விவிலியத்தில் பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்தும் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்தும் பெயர்த்ததால், எரேமியா காலத்துப் படைத்தலைவர் யோகனான் என்றும், யோர்தான் கரைக்காரர் யோவான் என்றும் நிற்கிறார்கள். இருவரும் பெயரொத்தவர்கள் என்பது வாசகர் கண்ணில் படுவதில்லை.

கத்தோலிக்கர் வேறு வழியில் போனார்கள். மதுரை மறைப்பணியில் இருந்த இயேசு சபையினர் துறவிகளாக உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழ்ப் பெயரும் பூண்டார்கள். கொன்ஸ்தான்சோ பெஸ்கி தம் பெயரிலுள்ள உறுதியை எடுத்துக்கொண்டு தைரியநாதர் ஆனார். வீரமாமுனிவர் என்று நாம் கொண்டாடுபவர் அவரே. அவருக்கு முன் வந்தவர் ஜுவாவ் தெ பிரித்தோ. 1647இல் லிஸ்பனில் பிறந்து, சிறுவயதில் போர்ச்சுகல் இளவரசனோடு அரண்மனையில் வளர்ந்தவர். தமிழகத்தில் அவர் பெயர் அருளானந்தர். யோஹனானில் இருந்த அருள் முழுப்பொருளோடு ஒரு மனிதரின் அழைப்புப் பெயரில் நம் ஊரில் நடமாடியது.

மறவர் சீமையில் அவர் பணி எதிர்ப்பைச் சந்தித்தது. 1686இல் பிடிபட்டு வதைபட்டார். விடுவிக்கப்பட்டு ஐரோப்பா போனவர், அங்கேயே தங்கச் சொன்ன அரசனின் பேச்சைத் தட்டிவிட்டு 1690இல் திரும்பி வந்தார். தடியத்தேவர் என்ற அரசகுலத்தவர் நோய் நீங்கித் திருமுழுக்குப் பெற விரும்பியபோது, மனைவியரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் அருளானந்தர். ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவரான கடலை, அந்தச் சீமையின் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவினர். முறையீடு அரண்மனைக்குப் போயிற்று. 1693 பிப்ரவரி 4 அன்று பாம்பாற்றங்கரையில் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 1947இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஓரியூரின் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொள்ள இன்றும் கூட்டம் வருகிறது. பல சாதியாரும் பல சமயத்தாரும் அதில் உண்டு.

கத்தோலிக்கத் தமிழில் யோவானுக்கு நிலைத்த பெயர் அருளப்பர். சிறியவன் என்று பொருள்படும் பவுல் சின்னப்பரானதுபோலவே இதுவும். ஸ்நாபக அருளப்பர் என்று திருமுழுக்கு யோவானைச் சொல்லி, அருளப்பர் நற்செய்தியை வாசித்து வளர்ந்த தலைமுறைகள் பல. 1995இல் கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையினரும் சேர்ந்து வெளியிட்ட பொதுமொழிபெயர்ப்பு யோவான் என்ற வடிவத்தையே ஏற்றது. ஒற்றுமைக்காக எடுத்த முடிவு, காரணம் நியாயமானதுதான். ஆனாலும் பெயரின் பொருளைத் தன் மொழியில் சொல்லிய அரிய வடிவம் ஒன்று வாசகமேடையிலிருந்து இறங்கியது இழப்பே. குடும்பப் பெயர்களிலும் பழைய கோயில் கல்வெட்டுகளிலும் அருளப்பன் இருக்கிறார். பேத்திகள் அருள்மேரி, பேரன்கள் அருள்ராஜ்.

பாக்கத்தின் பட்டியலில் யோஹனானுக்கு மூன்று இடம் மேலே இருந்த யோசேப்பு, தமிழில் சூசை ஆன கதை அடுத்த இதழில்.